வாசகர் கேள்வி – பதில்: பூமிக்கு நெருங்கிய கோள் எது?

கேள்வி: பூமிக்கு மிக அருகில் உள்ள கோள் வெள்ளி என்று பள்ளியில் படித்தேன். அது புதன்தான் என்று என் மகள் வாதிடுகிறாள். எது சரி?

பதில்: உங்கள் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நீங்கள் படித்ததையும் தவறென்று தள்ளிவிட முடியாது. சூரியனிலிருந்து சராசரியாகப் புதன் 5.8 கோடி, வெள்ளி 10.8 கோடி, பூமி 15 கோடி, செவ்வாய் 22.8 கோடி கிலோமீட்டர் தொலைவில் சுற்றுகின்றன. எந்தக் கோளின் பாதை பூமியின் பாதையை மிகவும் நெருங்கி அமைந்திருக்கிறது என்று கேட்டால், வெள்ளியே விடை. சூரியனுக்கும் நமக்கும் நடுவே வரும்போது அது ஏறத்தாழ 4 கோடி கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கும். செவ்வாய் மிகவும் நெருங்கி வந்த 2003 ஆகஸ்டில்கூட அதன் தொலைவு 5.5 கோடி கிலோமீட்டருக்குக் குறையவில்லை.

ஆனால் வெள்ளியின் அந்த நெருக்கம் ஏறத்தாழ 584 நாள்களுக்கு ஒருமுறைதான் வாய்க்கிறது. பூமி 365 நாள்களிலும் வெள்ளி 225 நாள்களிலும் சூரியனைச் சுற்றிவருவதால், நெருங்கிய பத்து மாதங்களுக்குள் வெள்ளி சூரியனுக்கு அப்பால் போய், நம்மிடமிருந்து சுமார் 26 கோடி கிலோமீட்டர் விலகிவிடுகிறது. புதனோ சூரியனை ஒட்டியே சுற்றுவதால், எதிர்ப்பக்கம் போனாலும் 22 கோடி கிலோமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். நெடுங்காலத்துக்குச் சராசரி பார்த்தால், பூமியிலிருந்து புதன் சுமார் 15.5 கோடி, வெள்ளி 17 கோடி, செவ்வாய் 25 கோடிக்கும் சற்று மேல் என்று வருகிறது. இன்னும் வியப்பான செய்தி, செவ்வாயிலிருந்தோ வியாழனிலிருந்தோ இதே கணக்கைப் போட்டாலும் சராசரியில் நெருங்கிய கோள் புதனே என்பதுதான்.

கோள்களை ஒரே கோட்டில் வரிசையாக நிறுத்திக் காட்டும் படங்களே இந்தக் குழப்பத்துக்கு வேர் என்று நான் கருதுகிறேன். அவற்றைப் பாதைகளில் ஆங்காங்கே சிதறியிருப்பதாக வரைந்துகாட்டினால், சிறுவர்கள் இதைத் தாமாகவே கண்டுகொள்வார்கள்.

கேள்வி: எல்லாக் கோள்களின் பாதைகளும் நீள்வட்டம்தானே? புதனின் பாதையை மட்டும் தனித்துச் சொல்வது ஏன்?

பதில்: அளவில்தான் வேறுபாடு. வெள்ளியின் பாதையைத் தாளில் வரைந்தால் கண்ணுக்கு வட்டமாகவே தெரியும். ஜனவரித் தொடக்கத்தில் 14.7 கோடி, ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி என்று பூமியின் தொலைவும் சிறிதளவே மாறுகிறது. புதனின் தொலைவோ 4.6 கோடியிலிருந்து 7 கோடி கிலோமீட்டர் வரை மாறுகிறது. அதன் வேகமும் நெருங்கும்போது விநாடிக்கு 59 கிலோமீட்டர், விலகும்போது 39 கிலோமீட்டர் என்று கூடிக் குறைகிறது.

இதன் விளைவைப் புதனின் தரையில் நின்று பார்ப்பதாக எண்ணிப் பாருங்கள். புதன் தன்னைத்தானே மிக மெதுவாகச் சுழல்கிறது. ஒரு சுழற்சிக்கு ஏறக்குறைய 59 நாள்கள் ஆகின்றன. சூரியனை மிகவும் நெருங்கும் சில நாள்களில் அதன் ஓட்டம் இந்தச் சுழற்சியை முந்திவிடுவதால், வானில் நகர்ந்துகொண்டிருந்த சூரியன் தயங்கி நின்று, சற்றே பின்னோக்கிச் சென்று, பிறகு மீண்டும் பழைய திசையில் நகரத் தொடங்கும். அங்கே சில இடங்களில், நம் வானில் தெரிவதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் அகலமான சூரியன் உதித்து, உதித்த திசையிலேயே மறைந்து, மறுபடியும் உதிக்கும்.

கேள்வி: புதனை இரவில் எந்த நேரத்தில் பார்க்கலாம்?

பதில்: நள்ளிரவில் ஒருபோதும் பார்க்க முடியாது. அதன் பாதை நம் பாதைக்கு உள்ளே அடங்கியிருப்பதால், நம் பார்வையில் அது சூரியனைவிட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. வெள்ளி 47 பாகை வரை விலகுவதால்தான் விடிவெள்ளியாக நெடுநேரம் ஒளிர்கிறது. புதன் மிகுதியாக விலகியிருக்கும் நாள்களைப் பஞ்சாங்கத்திலோ வானியல் செயலியிலோ அறிந்துகொண்டு, சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து மேற்கு அடிவானத்தைத் தேடுங்கள். காலையில் என்றால் உதயத்துக்கு முன் கிழக்கே தேட வேண்டும். தமிழகமும் இலங்கையும் நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால், கோள்கள் நகரும் பாதை இங்கே அடிவானத்திலிருந்து செங்குத்தாக எழுகிறது; எனவே ஐரோப்பியரைவிட நமக்குப் புதனைக் காணும் வாய்ப்பு அதிகம். இருகண்நோக்கியைச் சூரியன் முழுவதும் மறைந்த பிறகே கையில் எடுங்கள். காலையில் உதயத்துக்கு முன்பே அதைக் கீழே வைத்துவிடுங்கள்.