கல்லா கட்டத்தான் வந்தார்களா?

கேள்வி: டிரம்மர் நீல் பியர்ட் இறந்துபோன பிறகும், அவர் இடத்தில் வேறொருவரை உட்காரவைத்துக்கொண்டு மேடை ஏறுவதாக அறிவித்துவிட்டதே கனடாவின் ‘ரஷ்’ ராக் குழு! கல்லா கட்டுவதைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: டிக்கெட் விற்கத்தான் சுற்றுப்பயணம், அதிலென்ன ரகசியம்? 2025 அக்டோபரில் 12 கச்சேரி என்று ஆரம்பித்தார்கள். கூட்டம் அலைமோதுவதைப் பார்த்ததும் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனார்கள். அந்த மட்டில் உங்கள் சந்தேகம் நியாயம். ஆனால் கல்லாதான் குறி என்றால், இதே ஆட்கள் 1997-இல் நடந்துகொண்ட விதத்துக்கு உங்களால் கணக்குச் சொல்ல முடியாது.

அந்த ஆண்டு ஜூலையில் ஒரு சுற்றுப்பயணம் முடிந்து வீடு திரும்பினார் பியர்ட். ஆகஸ்டில் அவருக்கு அப்போது இருந்த ஒரே மகள் செலினா கார் விபத்தில் போய்விட்டாள். வயது 19. அடுத்த ஜூன் மாதம் மனைவி ஜாக்கியும் புற்றுநோயில் இறந்தார். ‘நான் ஓய்வு பெற்றுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்’ என்ற பொருளில் நண்பர்களிடம் சொல்லிவிட்டு, பியர்ட் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அலாஸ்கா, மெக்ஸிகோ, பெலிஸ் என்று ஓட்டியது சுமார் 88,000 கிலோமீட்டர்.

பாடகரும் பேஸ் கிதார்காரருமான கெடி லீ, கிதார்காரர் அலெக்ஸ் லைஃப்சன் இருவருக்கும் அப்போது நாற்பத்து சொச்சம் வயது. சம்பாதிக்கிற வயது. வட அமெரிக்காவில் டிரம்மர்களுக்கா பஞ்சம்? ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. கலைத்துவிட்டோம் என்று அறிக்கையும் விடவில்லை. லீ தனியாக ஒரு ஆல்பம் போட்டார், அவ்வளவுதான்.

பியர்ட் 2000-இல் மறுமணம் செய்துகொண்டார். 2001-இல் மூவரும் டொராண்டோவில் ஒரு ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, அவசரமே இல்லாமல் ஓராண்டுக்கு மேல் உழைத்தார்கள். 2002 மே மாதம் வந்தது ‘வேப்பர் ட்ரெயில்ஸ்’ ஆல்பம். அதன் முதல் பாட்டு ‘ஒன் லிட்டில் விக்டரி’யின் ஆரம்பத்தை மட்டுமாவது கேளுங்கள். குரல் இல்லை, கிதார் இல்லை, தனியாக டிரம்ஸ். இரண்டு காலும் பேஸ் டிரம்மில் ஓடுகிற ஓட்டத்துக்கு மேல் ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் அடி சரமாரியாக வந்து விழும். இத்தனை வருஷம் குச்சியை ஓரமாக வைத்திருந்த மனிதர், வந்துவிட்டேன் என்பதை வாயால் சொல்லாமல் அப்படித்தான் சொன்னார். (வாங்குவதானால் 2013-இல் மறுபடி கலவை செய்த பதிப்பை வாங்குங்கள். 2002 பதிப்பில் சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றிக் கெடுத்துவைத்திருந்தார்கள்.)

அதற்குப் பின் 2015 ஆகஸ்ட் 1 வரை ஓடியது வண்டி. அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் கடைசிக் கச்சேரி. ஒரு வருஷத்தில் பியர்ட்டுக்கு மூளைப் புற்றுநோய். அவர் கேட்டுக்கொண்டபடி, 2020 ஜனவரி 7-ஆம் தேதி அவர் கண் மூடும்வரை நண்பர்கள் இருவரும் வெளியே மூச்சு விடவில்லை.

‘வேறொருவரை உட்காரவைத்து’ என்கிறீர்களே, பியர்ட்டே அப்படி வந்து உட்கார்ந்தவர்தான், ஐயா. முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ஜான் ரட்ஸி. அவர் விலகியபின் 1974 ஜூலை 29 அன்று பியர்ட் சேர்ந்தார்; இரண்டே வாரத்தில் பிட்ஸ்பர்கில் மேடை ஏறினார். ‘ரட்ஸி இல்லாமல் ஒரு ரஷ்ஷா?’ என்று அன்றைக்கு யாராவது உங்களைப் போல் மல்லுக்கு நின்று ஜெயித்திருந்தால், நீங்கள் இன்று பரிந்து பேசும் பியர்ட்டே கிடைத்திருக்க மாட்டார்.

இப்போது வருகிறவர் அனிகா நில்லெஸ், ஜெர்மனிக்காரர். கிதார் மேதை ஜெஃப் பெக்கோடு சுற்றுப்பயணத்தில் வாசித்தவர். நாற்காலியை நிரப்ப அகப்பட்ட ஆள் இல்லை. பியர்ட் மறுமணம் செய்துகொண்ட மனைவி கேரியும் அவர்களுக்குப் பிறந்த மகள் ஒலிவியாவும் இந்தப் பயணத்தை வெளிப்படையாகவே வரவேற்று அறிக்கை தந்துவிட்டார்கள். வீட்டுக்காரர்களே வாழ்த்தி அனுப்பிய பிறகு, சேலத்தில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் எதற்கு இன்னும் துக்கம் காக்கிறீர்கள்? லீக்கும் லைஃப்சனுக்கும் எழுபது தாண்டிவிட்டது. லைஃப்சனுக்கு மூட்டுவாதம் வேறு. வாசிக்கிற காலம் வரை வாசித்துவிட்டுப் போகட்டுமே.

எனக்கும் ஒரு நெருடல் உண்டு. அது டிரம்ஸைப் பற்றியது அல்ல. பியர்ட் வந்தபின் இந்தக் குழுவின் பாட்டு வரிகளில் பெரும்பகுதியை எழுதியவர் அவர்தான். பழைய பாட்டுகளுக்கு அனிகா வாசிக்கலாம். அந்த வரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. நாளைக்குப் புதுப் பாட்டுகளோடு ‘ரஷ்’ என்ற பெயரிலேயே ஒரு ஆல்பம் வருமானால், அப்போது இதே கேள்வியை எழுதிப் போடுங்கள். உங்கள் பக்கம் நிற்கிறேன்.