அப்பா மலேசியாவில் விட்டுப்போன வீடு: உயில் இல்லையென்றால் யாருக்கு எவ்வளவு?

கேள்வி: என் அப்பா 1980-களில் வேலைக்காக மலேசியா போனவர். நிரந்தரவாசத்துக்கான சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருந்தார். கடைசிவரை இந்தியக் குடிமகன்தான். கிள்ளானில் அவர் பெயரில் ஒரு வீடு, வங்கியில் சேமிப்பு, ஈபிஎஃப் பணம் எல்லாம் இருக்கின்றன. உயில் எழுதாமல் போன வருடம் காலமானார். இங்கே அம்மா, நான், தம்பி, தங்கை, அப்பாவைப் பெற்ற பாட்டி இருக்கிறோம். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். கிள்ளான் வீட்டில் இப்போது சித்தப்பா இருக்கிறார். “பொதுப் பவர் எழுதி அனுப்புங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். அனுப்பலாமா? சான்றிதழ் அங்கே செல்லுமா? நாங்கள் நேரில் போக வேண்டுமா?
- தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: அந்தப் பவரை இப்போது அனுப்பாதீர்கள். வாரிசுச் சான்றிதழ், நீங்கள் யார் என்று காட்ட ஒரு துணை ஆவணமாக உதவும். அதை வைத்து மலேசியாவில் ஒரு வங்கிக் கணக்கைக்கூட முடிக்க முடியாது. நேரில் போவது பற்றிப் பிறகு சொல்கிறேன். பல குடும்பங்களில் எல்லோரும் போகத் தேவை வருவதில்லை.

முதலில் பங்கு. வீடும் நிலமும் எந்த நாட்டில் இருக்கின்றனவோ, அந்த நாட்டுச் சட்டப்படிதான் பிரியும். அப்பா இந்தியக் குடிமகன், இந்து என்பதெல்லாம் கிள்ளான் வீட்டுக்குப் பொருந்தாது. கிள்ளான் இருக்கும் தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர் உயில் இல்லாமல் இறந்தால், அங்குள்ள 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் வரும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. ஆக, வீட்டில் அம்மாவுக்கு நாலில் ஒன்று, பாட்டிக்கு நாலில் ஒன்று, உங்கள் மூவருக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. மகன், மகள் என்ற வேறுபாடு கிடையாது. பெற்றோர் இருவருமே இல்லாதிருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குப் போயிருக்கும்.

வங்கிப் பணம் போன்ற அசையும் சொத்துக்குக் கணக்கு வேறு. இறக்கும்போது அவருடைய நிலையான வாழ்விடம் எந்த நாடோ, அந்த நாட்டுச் சட்டம். சிவப்பு ஐசி இருந்ததால் மட்டும் மலேசியாதான் அவர் ஊர் என்று ஆகிவிடாது. ஒரு நாள் திரும்பி வந்துவிடுவேன் என்ற எண்ணத்தோடு இருந்தாரா, அங்கேயே இருந்துவிட முடிவு செய்துவிட்டாரா என்று பார்ப்பார்கள். இந்தியாதான் என்று முடிவானால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மூன்று பிள்ளைகள், பாட்டி ஐந்து பேருக்கும் சம பங்கு. ஒரே மனிதரின் வீடு ஒரு விதமாகவும் சேமிப்பு இன்னொரு விதமாகவும் பிரிவது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் வித்தியாசம் காலுக்கும் ஐந்தில் ஒன்றுக்கும் இடையேதான். சேமிப்பு பெருந்தொகையாக இல்லாவிட்டால் இதற்காக வக்கீல் வைத்து வாதாட வேண்டாம், ஒத்துப் போய்விடுங்கள்.

சித்தப்பாவுக்கு வீட்டில் நேரடிப் பங்கு எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்ததால் அந்தக் கால் பங்கு அன்றைக்கே அவருக்குச் சேர்ந்துவிட்டது. பங்கீட்டு வேலை முடியும் முன் பாட்டி காலமானால் அது அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அதில் சித்தப்பா வருவார், அத்தைகள் இருந்தால் அவர்களும் வருவார்கள், அப்பாவின் இடத்தில் நீங்களும் வருவீர்கள். ஐந்து பேர் கையெழுத்தில் முடிகிற காரியம் பத்துப் பன்னிரண்டு பேர் கையெழுத்தாகிவிடும். பாட்டி தம் பங்கை அம்மாவுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ விட்டுத்தர விரும்பினால் விசாரணையின்போது அதைச் சொல்லலாம். அவராக மனம் வைத்துச் செய்தால் சரி. கட்டாயப்படுத்தி வாங்கிய கையெழுத்து பின்னால் நிற்காது. ‘மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வதற்குப் பாட்டியின் வயதுதான் முதல் காரணம்.

சரி, எங்கே போய் ஆரம்பிப்பது? உயில் இல்லாதபோது சொத்தை நிர்வகிக்க ஒருவரை மலேசிய அதிகாரி அல்லது நீதிமன்றம் நியமிக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். நிலமோ வீடோ இருந்து, மொத்தச் சொத்து மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால் 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத் தரப்பிலேயே முடித்துக்கொள்ளலாம். முன்பு இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. 2024 ஜூலையில் உயர்த்தினார்கள். அதற்கு மேல் போனால் உயர் நீதிமன்றம்தான். அங்கே பொதுவாக இரண்டு ஜாமீன்தாரர்களையும் கேட்பார்கள், விலக்குக்குத் தனியாக மனுப்போட வேண்டியிருக்கும். கிள்ளானில் ஒரு வீடும் கொஞ்சம் சேமிப்பும் என்றால் அநேகமாக நீங்கள் சிறு சொத்து வழிக்குள் வந்துவிடுவீர்கள். வங்கிப் பணத்தையும் அதே மனுவில் சேர்க்கலாம்.

வீடு இருக்கும் மாவட்டத்துக்கான சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் ‘பாரம் ஏ’ என்ற மனுவைக் கொடுப்பார்கள். இறப்புச் சான்றிதழ், நிலப் பட்டா நகல், வாரிசுகளின் அடையாள ஆவணங்கள் கூடவே போகும். அதிகாரி ஒரு நாள் குறித்து விசாரணை வைப்பார். வாரிசுகள் எல்லோரும் வர வேண்டும். வர முடியாதவர் ‘டிடிஏ’ என்ற பாரத்தில் சம்மதம் எழுதி, உரிய அதிகாரி முன் கையெழுத்திட்டு அனுப்பலாம். நீங்கள் கேட்டதற்கு விடை இதுதான்: ஒருவர் போய், மற்றவர்கள் அந்தப் பாரத்தை அனுப்பினால் போதும். எந்த அதிகாரி முன் கையெழுத்திட்டால் ஏற்பார்கள் என்பதை மட்டும் அந்தப் பிரிவிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருப்பது உங்களுக்கு வசதி. விசாரணை முடிந்ததும் யாருக்கு எவ்வளவு என்ற ஆணை ‘பாரம் ஈ’-யில் வரும், நிர்வாகி நியமனம் ‘பாரம் எஃப்’-இல் வரும். வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கவும் அதிகாரி ஆணையிடலாம்.

வாரிசுகளில் பலர் சறுக்குவது பெயரில்தான். அங்கே ஐசியில் ‘முருகையா ஏ/எல் சின்னசாமி’ (ஏ/எல் என்றால் ‘மகன்’) என்று இருக்கும், இங்கே ரேஷன் கார்டிலும் அம்மாவின் ஆதாரிலும் ‘சி. முருகையன்’ என்று இருக்கும். பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். எல்லாப் பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். அப்பாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைத் தேடி எடுங்கள். அதில் மனைவி பெயர், ஊர் விலாசம், பிறந்த தேதி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். வேறு எந்தக் காகிதத்தையும்விட அது பேசும். அம்மாவின் திருமணம் பதிவாகாமல் இருந்தால் (அந்தக் காலத்துக் கல்யாணங்கள் பெரும்பாலும் அப்படித்தான்) பத்திரிகை, படம், குடும்ப அட்டை, அவர் வீட்டுக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள் என்று கிடைப்பதையெல்லாம் திரட்டுங்கள். இங்கிருந்து போகும் சான்றிதழ்களை மலாய் அல்லது ஆங்கிலத்தில் முறைப்படி மொழிபெயர்த்து, நம் வெளியுறவுத் துறையின் சான்றொப்பமும் மலேசியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பமும் வாங்கி அனுப்ப வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்டாக வேண்டியிருக்கிறது. முப்பது, நாற்பது வருடம் தனியாக அங்கே இருந்தவருக்கு அங்கே ஒரு குடும்பம் இருந்ததா? இருந்தால் விசாரணையில் அது வெளிவரும். மலேசியாவில் 1982 மார்ச் முதல் தேதிக்குப் பிறகு, முஸ்லிம் அல்லாதவர் முதல் மனைவி இருக்கும்போது செய்கிற இரண்டாவது திருமணம் செல்லாது. அதனால் அம்மாவின் திருமணத்தை நிரூபிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் உரிமை தனிக் கேள்வி. பெற்றவர்கள் அந்தத் திருமணம் செல்லும் என்று நியாயமாக நம்பினார்களா என்பது வரை போகும். தெரிந்தே மறைத்து ‘வேறு வாரிசுகள் இல்லை’ என்று சத்தியப் பத்திரம் எழுதுவது மட்டும் கூடவே கூடாது. அதே போல அப்பா இஸ்லாத்துக்கு மாறியிருந்தால் நான் மேலே சொன்ன பங்குக் கணக்கு எதுவும் பொருந்தாது.

இனி பவர். பொதுப் பவர் என்பது வீட்டை விற்கவும், பணம் வாங்கவும், உங்கள் பேரில் கையெழுத்திடவும் ஒரே காகிதத்தில் அனுமதி. சித்தப்பா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வீட்டில் குடியிருப்பவர், பாட்டியின் வருங்கால வாரிசு, உங்கள் பிரதிநிதி என்று மூன்று வேடமும் ஒருவருக்கே கொடுப்பது அவருக்கும் நல்லதல்ல. வேண்டுமானால் ‘மனுப்போட, ஆவணம் பெற, விசாரணைக்கு ஆஜராக’ என்று எல்லை வகுத்த சிறப்புப் பவர், அதையும் அங்குள்ள ஒரு வக்கீலுக்கோ உங்களில் ஒருவருக்கோ கொடுங்கள். இந்தியாவில் எழுதும் பவரை நோட்டரி அல்லது தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்டு, மலேசிய உயர் நீதிமன்றத்தில் பதிந்த பிறகுதான் அங்கே பயன்படுத்த முடியும்.

அதற்கு முன்பே செய்ய வேண்டியது நிலப் பதிவேட்டுத் தேடல். பட்டா எண் தெரிந்தால் யாரும் கட்டணம் கட்டிப் பதிவு நகல் எடுக்கலாம். வீடு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறதா, வங்கி அடமானம் இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். இன்னொருவர் பெயரும் சேர்ந்திருந்தால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பதால் முழு வீடும் அவருக்குப் போய்விடாது. மலேசிய நிலச் சட்டத்தில் அப்பாவின் பாகம் அப்பாவின் வாரிசுகளுக்கே. வீட்டுக் கடன் இருந்தால் எம்ஆர்டிஏ என்ற கடன் காப்பீடு எடுத்திருந்தாரா என்று வங்கியைக் கேளுங்கள். இருந்தால் பாக்கிக் கடனை அது அடைக்கும். நில வரியும் நகராட்சி வரியும் நிற்காமல் கட்டப்படுகின்றனவா என்றும் பாருங்கள். நில வரியைப் பல காலம் கட்டாமல் விட்டால் நிலத்தை மாநில அரசே எடுத்துக்கொள்ள முடியும்.

ஈபிஎஃப் இந்தப் பங்கீட்டுக்குள் வராமலும் போகலாம். முஸ்லிம் அல்லாதவர் யாரை நியமனதாரராக எழுதியிருக்கிறாரோ, பணம் அவருக்கே சொந்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் தம்பி பெயரையோ தன் தாய் பெயரையோ எழுதிவிட்டு மறந்தவர்கள் நிறைய. நியமனம் இல்லையென்றால்தான் வாரிசுகளுக்கு. ஏழு வருடம் அசையாமல் கிடந்த பழைய வங்கிக் கணக்கு ஏதாவது இருந்தால் அந்தப் பணம் உரிமை கோரப்படாத பணமாக அரசிடம் போயிருக்கும். அதைத் திரும்பக் கேட்டுப் பெறலாம்.

வீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற வெளிநாட்டவர் என்ற முறையில் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். என்னைக் கேட்டால், யாரும் அங்கே போய் வாழப்போவதில்லை என்றால், மாற்றுவதற்கு முன்பே நிர்வாகி வழியாக விற்றுவிடுவது நல்லது. வரியும் அந்தப் பக்கமே சாய்கிறது. மலேசியாவில் வாரிசு வரி கிடையாது, 1991-லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் சொத்து விற்ற லாபத்துக்கு வரி உண்டு: வெளிநாட்டவர் விற்றால் முதல் ஐந்து வருடத்துக்குள் 30 சதவீதம், அதன் பின் 10 சதவீதம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஐந்து வருடம் கடந்தால் வரி இல்லை. நிரந்தரவாசியின் சொத்தை நிர்வாகி விற்கும்போது வெளிநாட்டவருக்கான விகிதம் வராது. யார் பெயரில், எப்போது விற்பது என்பதை முடிவு செய்யும் முன் அங்குள்ள வரி ஆலோசகரிடம் ஒரு கணக்குப் போட்டு வாங்குங்கள்.

இந்தியப் பக்கத்தில் பயப்பட அதிகமில்லை. வெளிநாட்டில் வசித்தவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்தை இங்கிருப்பவர் வைத்துக்கொள்ள அந்நியச் செலாவணிச் சட்டமே அனுமதிக்கிறது. வாரிசாக வந்ததற்கு இங்கும் வரி இல்லை. வாடகைக்கும் விற்ற லாபத்துக்கும் உண்டு. லாபக் கணக்கில் அப்பா வாங்கிய விலையும், அவர் வைத்திருந்த காலமும் சேரும். ஆனால் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் உங்கள் பங்கைக் காட்டியே ஆக வேண்டும், ஒரு ரூபாய் வருமானம் வராவிட்டாலும். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. சிறு தொகைகளுக்கு 2024 அக்டோபரிலிருந்து சலுகை கொடுத்தாலும் வீடு, நிலத்துக்கு அது கிடையாது. சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் எளிய படிவத்தில் இந்தப் பட்டியலே இல்லை, ஆகவே உங்கள் ஆடிட்டரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? வீட்டைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி சொல்லுங்கள், வரி ரசீதுகளின் நகலைக் கேளுங்கள். பங்கீடு முடியும்வரை அங்கே இருக்கலாம், ஆனால் வாடகைக்கு விடவோ அடகு வைக்கவோ கூடாது என்று ஒரு வரி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை.