வெள்ளியங்கிரிக்கு மூங்கில் தடி போதுமா? ட்ரெக்கிங் போல் பத்தி நீங்க கேட்டது

வெள்ளியங்கிரி போறோம், அடிவாரத்துல விக்கிற மூங்கில் தடி போதுமா, இல்ல காசு போட்டு ட்ரெக்கிங் போல் (மலை ஏற ஊணிக்கற, நீளம் மாத்தற கோல்) வாங்கணுமா?

தாராளமா போதும், ஆனா பார்த்து எடுங்க. நெஞ்சு உயரத்துக்கு இருக்கணும், அப்பதான் ஏறும்போது கீழ இறக்கிப் பிடிச்சுக்கலாம், இறங்கும்போது மேல பிடிச்சுக்கலாம், நீளம் மாத்தற போலுக்கு என்ன வேலையோ அது இதுலயே நடந்துடும். அடி முனை பிளந்திருக்கான்னு பாருங்க, கணுவுக்குப் பக்கத்துல வெட்டினதா இருந்தா சீக்கிரம் பிளக்காது. அடிக்கடி மலை ஏறுறவங்க, ஏற்கனவே முட்டி வலி இருக்கறவங்க மட்டும் ஒரு ஜோடி போல் வாங்கிடுங்க.

போலோட நீளம் எவ்வளவு வைக்கணும்?

சமதளத்துல நின்னு பிடிச்சா முழங்கை 90 டிகிரி மடங்கணும். ஏத்தத்துல 5 முதல் 10 சென்டிமீட்டர் குறைங்க, இறக்கத்துல அதே அளவு கூட்டுங்க. சரிவுல குறுக்கா நடக்கறப்ப மலைப் பக்கத்து போல் சின்னதா, பள்ளத்துப் பக்கம் பெருசா. நீளத்த இறுக்கிப் பிடிக்கற லாக்க ஒவ்வொரு தடவையும் உடம்பு வெயிட்ட போட்டு அழுத்திப் பார்த்துடுங்க.

ஏறிடறேன் சார், இறங்கும்போதுதான் முட்டி உயிர் போகுது. போல் வச்சும் பெருசா வித்தியாசம் தெரியல.

இதுதான் நிறைய பேரு கேக்கறது. முக்காவாசிப் பேரு காலையும் போலையும் ஒரே நேரத்துல வைக்கறாங்க, இல்லன்னா கால் போனப்புறம் போல் சும்மா பின்னாடி வருது, அப்படி வச்சா முட்டிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. முதல்ல ரெண்டு போலும் கீழ்ப்படில ஊணணும், கை வழியா வெயிட் அதுல இறங்கணும், அதுக்கப்புறம்தான் கால். ரொம்ப தூரமா எட்டி ஊணாதீங்க, உடம்பு முன்னாடி சாஞ்சுடும். 1999ல வந்த ஒரு ஆய்வுல 25 டிகிரி சரிவுல நடக்க வச்சு அளந்தாங்க, போலோட இறங்கினவங்களுக்கு முட்டில விழற சுமை 12லேர்ந்து 25 சதவீதம் வரைக்கும் குறைஞ்சுது. வெள்ளியங்கிரி மாதிரி மணிக்கணக்கா படி இறங்கற இடத்துல அது எவ்வளவு பெரிய உதவின்னு யோசிச்சுப் பாருங்க, அதனால தயவுசெஞ்சு மொட்டை மாடிப் படிலயாவது ரெண்டு நாள் பழகிட்டுப் போங்க.

பாறைல போல் வழுக்குதே?

காஞ்ச பாறைக்கு ரப்பர் மூடி, மண்ணுக்கும் சேத்துக்கும் மூடிய கழட்டிட்டு இரும்பு முனை. ஈரப் பாறைல ரெண்டையுமே நம்பாதீங்க, ஏதாவது வெடிப்போ பள்ளமோ பார்த்து ஊணுங்க. பர்வதமலைல சங்கிலியப் பிடிச்சு ஏறுற இடம் வருது பாருங்க, அங்க போலை மடக்கி பைக்குள்ள வச்சுடணும். மணிக்கட்டுல தொங்க விட்டுட்டு சங்கிலியப் பிடிக்கறது ரொம்ப ஆபத்து, கால்ல மாட்டினா அவ்வளவுதான், பின்னாடி வர்றவங்க கண்ணுக்கும் ஆபத்து.

ஓடை தாண்டும்போது?

போலோட மணிக்கட்டு ஸ்ட்ராப்ப விட்டு கைய வெளிய எடுத்துடுங்க, பையோட இடுப்பு பெல்ட்டையும் கழட்டிடுங்க, விழுந்தா பைய உதற முடியணும். தண்ணி வர்ற திசையப் பார்த்து நின்னு பக்கவாட்டுல நகருங்க, ஒரு நேரத்துல ஒரு போல் இல்லன்னா ஒரு கால்தான் நகரணும். முட்டிக்கு மேல வேகமா ஓடுதுன்னா கைல போல் இருக்குங்கற தைரியத்துல இறங்கவே இறங்காதீங்க.

போல் வாங்கினா கார்பனா அலுமினியமா?

நம்ம கல்லு முள்ளுப் பாதைக்கு அலுமினியம். வளையும், ஆனா கார்பன் மாதிரி பட்டுன்னு உடையாது, வளைஞ்சத வச்சே அடிவாரம் வந்துடலாம்.