மூக்குப்பொடிக் குப்பியும் முத்திரையும்

கேள்வி: ஹாங்காங் போனபோது பழம்பொருள் சந்தையில் ஒரு சீன மூக்குப்பொடிக் குப்பி வாங்கினேன். வெள்ளைக் கண்ணாடி மேல் சிவப்பில் மீன் செதுக்கியது. அடியில் உள்ள நாலு எழுத்து சியான்லோங் பேரரசர் முத்திரை என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். நம்பலாமா?

பதில்: சத்தியத்தை விடுங்கள், முத்திரையையும் விடுங்கள். சியான்லோங் ஆண்டது 1736 முதல் 1795 வரை. அவர் காலம் முடிந்து நூறு வருஷம் கழித்துச் செய்த குப்பியிலும் அவர் பெயர் உண்டு, போன மாதம் செய்ததிலும் உண்டு. உண்மையிலேயே பழைய செதுக்குக் குப்பிகள் பலவற்றில் முத்திரையே இருக்காது.

அதைவிட, அந்த மீன் எப்படி வந்தது என்று பாருங்கள். வெள்ளைக் கண்ணாடியில் குப்பியை ஊதி, உருகிய சிவப்புக் கண்ணாடியில் ஒரு முறை தோய்த்தெடுத்து, ஆறியதும் மீனை மட்டும் விட்டுவிட்டு மற்ற சிவப்பையெல்லாம் தேய்த்தே எடுத்துவிடுவார்கள். செதுக்குவது என்று சொல்கிறோமே தவிர உளி கிடையாது. சுழலும் சின்னச் சக்கரம், கடின மணல், தண்ணீர், அவ்வளவுதான்; ஜேட் கல்லை இழைப்பதும் இப்படித்தான்.

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருங்கள். குப்பியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால், கையால் தேய்த்த வெள்ளைத் தரை முழுச் சமமாக இருக்காது, வெளிச்சம் லேசாக அலை அடிக்கும். வாலும் துடுப்பும் சேருகிற மூலைகளில், சக்கரம் நுழைய முடியாத இடத்தில், துளி சிவப்பு தங்கியிருக்கலாம். மாறாக, மீனின் விளிம்பெல்லாம் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கி, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடும் ஓடினால் அது அச்சில் வார்த்தது. அலமாரியில் வையுங்கள், அழகுதான், ஆனால் பழசு என்று யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

இன்னொன்று, அடிப்பாகத்தின் விளிம்பு. நிஜமாகவே புழங்கிய குப்பியில் நுண்ணிய கீறல்கள் பல திசையில் கிடக்கும். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியதென்றால் எல்லாம் ஒரே பக்கமாகப் போகும்.

கேள்வி: பொடிக்குப் போய் இவ்வளவு அலங்காரமா? என் தாத்தா வாழை மட்டையில்தான் வைத்திருந்தார்.

பதில்: என் தாத்தாவும் அப்படித்தான், மட்டையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் தும்முவார். சீனாவுக்குப் பொடி ஐரோப்பியர் மூலம் வந்தது. ஐரோப்பாவில் அதைத் தட்டையான பெட்டியில் வைப்பார்கள், சீனர்கள் மூடி இறுக்கமாக உட்காரும் குப்பிக்கு மாறிக்கொண்டார்கள், ஈரக்காற்று பட்டால் பொடி கட்டிபிடித்துவிடும் அல்லவா? 1696ல் காங்சி பேரரசர் பெய்ஜிங்கில் அரண்மனைக் கண்ணாடிப் பட்டறை ஒன்றை ஆரம்பித்தார். அதை அமைத்துக் கொடுத்தவர் கிலியான் ஸ்டும்ப் என்ற ஜெர்மானிய இயேசு சபைப் பாதிரியார். அப்புறம் என்ன, ராஜா பரிசாகக் கொடுக்கிற பொருளாகிவிட்டால் அலங்காரத்துக்குக் கேட்கவா வேண்டும்!

கேள்வி: உள்ளே பழைய பொடி ஒட்டியிருக்கிறது, கழுவலாமா?

பதில்: உங்களுடையது செதுக்கிய கண்ணாடி என்பதால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஆட்டிக் கொட்டலாம். கொதிநீர் வேண்டாம், விரிசல் விடும். உட்புறம் ஓவியம் தீட்டிய குப்பி என்றால் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, படம் கரைந்து வந்துவிடும். வளைந்த தூரிகையைக் கழுத்து வழியே விட்டு, உட்பக்கத்திலிருந்தே இடவலம் மாற்றி வரைந்தது அது.

மூடியோடு ஒரு குட்டிக் கரண்டி இருக்குமே, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் அது யானைத் தந்தம். இங்கே தந்த வியாபாரத்துக்குத் தடை, கொண்டுவருவதும் சிக்கல். அடுத்த முறை வாங்கும்போது எலும்புக் கரண்டியா, தந்தமா என்று கேட்டுவிட்டே பணத்தை எடுங்கள்.