படி இறங்கும்போது முழங்கால் மடங்குவது ஏன்?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு வயது 62. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. மூட்டில் வலியே இல்லை. ஆனால் படி இறங்கும்போது முழங்கால் மடங்கிவிடுகிறது. தொடையின் முன்பக்கம் மரத்துக் கிடக்கிறது. ஃபீமோரல் நரம்பு அழுந்தியிருக்கிறது என்கிறார்கள். தொடையைத் தூக்க முடிகிறதே, பிறகு எப்படி நரம்பு கெட்டிருக்கும்?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். தொடையைத் தூக்க முடிவதுதான் இதில் முக்கியமான துப்பு.

இடுப்பு முதுகெலும்புப் பகுதியின் 2, 3, 4ஆவது நரம்பு வேர்கள் சேர்ந்து உருவாவது ஃபீமோரல் நரம்பு. அடிவயிற்றின் பின்சுவரில், சோவாஸ், இலியாக்கஸ் என்ற இரண்டு தசைகளுக்கு நடுவில் இறங்கித் தொடை இடுக்கு வழியாகக் காலுக்குள் நுழையும். அங்கே வெளியிலிருந்து உள்ளே வரிசை: நரம்பு, தமனி, சிரை. நான் உடற்கூறியல் வகுப்பு எடுத்த காலத்தில் மாணவர்கள் தமனியைச் சுற்றிய உறையைப் பிரித்து, நரம்பைக் காணோமே என்று விழிப்பார்கள். அது உறைக்கு வெளியே, சற்று ஆழத்தில் இருக்கும். இடுக்கைத் தாண்டிச் சில சென்டிமீட்டரிலேயே விசிறி போலக் கிளை பிரிந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்வி. தொடையைத் தூக்கும் சோவாஸுக்கு முதுகிலிருந்தே நேரடியாக நரம்பு வருகிறது. இலியாக்கஸுக்கான கிளையும் வயிற்றுக்குள்ளேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே இடுக்குப் பக்கம் அழுந்தினால் தொடை தூக்குவது பெரும்பாலும் தப்பிக்கும். மாட்டுவது முழங்காலை நீட்டும் குவாட்ரிசெப்ஸ். அறுவையின்போது தசைகளை விலக்கிப் பிடிக்கும் கருவியின் அழுத்தமே இதற்குப் போதும்.

சமதளத்தில் முழங்காலை நேராகப் பூட்டிக்கொண்டு சமாளிக்கலாம். சிலர் தெரியாமலேயே உள்ளங்கையால் தொடையைப் பின்னுக்கு அழுத்தி நடப்பார்கள். உங்கள் கணவரையும் கவனித்துப் பாருங்கள். படியில் இறங்கும்போது முழங்கால் மடங்கிக்கொண்டே உடலின் பாரத்தைத் தாங்க வேண்டும். அங்கேதான் குட்டு வெளிப்படும்.

காலின் உள்பக்கம், கணுக்கால் வரை மரத்திருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். அது இதே நரம்பின் கிளையான சாஃபனஸ் போகும் பகுதி. தொடையின் வெளிப்பக்கம் மட்டும் மரத்து, பலம் குறையாமல் இருந்தால் அது வேறு நரம்பு. இறுக்கமான பெல்ட்டாலும் வரும்.

நரம்பு அறுபடாமல் அழுந்தியது மட்டும்தான் என்றால் வாரங்களிலோ மாதங்களிலோ பலம் திரும்பும். உள்ளிழை சிதைந்திருந்தால் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், பொறுமை வேண்டும். குவாட்ரிசெப்ஸுக்கான பயிற்சியை விடவே கூடாது. அதுவரை படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதித்த காலை முதலில் கீழே வைக்கட்டும். ஏறும்போது நல்ல காலை முதலில்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், திடீரென இடுக்கில் கடும் வலி வந்து தொடையை மடக்கியே வைத்துக்கொண்டால் தாமதிக்காதீர்கள். இலியாக்கஸ் தசைக்குள் ரத்தம் தேங்கி நரம்பை நெரிக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.