தோப்பு வீட்டில் நீச்சல் குளம்: வேலி தாண்டி வந்த குழந்தைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: நாங்கள் பொள்ளாச்சிக்காரர்கள். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஏழு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கிருந்த பழைய சாளை வீட்டை இடித்துவிட்டுச் சின்னதாக வீடு கட்டினோம். போன வருடம் வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளமும் போட்டோம். நீளம் 24 அடி, அகலம் 12 அடி, ஆழம் நாலரை அடி. தோப்பைச் சுற்றிக் கம்பிவேலி உண்டு. குளத்துக்கென்று தனி வேலி இல்லை. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரரின் இரண்டு குழந்தைகள் அங்கேயே இருக்கிறார்கள். லீவுக்கு எங்கள் பேரப்பிள்ளைகள் வருவார்கள். சனி, ஞாயிறுகளில் மகன் வீட்டை வாடகைக்கும் விடுகிறான். போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் நான்கு வயதுப் பேத்தி, தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதைப் பக்கம் வேலி சாய்ந்திருந்த இடத்தில் நுழைந்து குளத்தங்கரையில் நின்றிருக்கிறாள். நல்லவேளையாகக் காவல்காரரின் மனைவி பார்த்துத் தூக்கி வந்துவிட்டார். ‘ஏதாச்சும் ஆகியிருந்தா உங்கள உள்ள தள்ளியிருப்பேன்’ என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். எங்கள் இடத்துக்குள் அத்துமீறி வந்த குழந்தைக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்? ‘அவரவர் சொந்தப் பொறுப்பில் இறங்கவும்’ என்று போர்டு வைத்தால் போதுமா? நாங்கள் இருப்பது தமிழ்நாடு, குளம் இருப்பது கேரளா. வழக்கென்று வந்தால் எங்கே வரும்? பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு நாங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த வாட்ஸ்அப் செய்திதான். உங்களுக்கு அது மிரட்டலாகத் தெரிகிறது. நாளைக்கு ஏதாவது நடந்தால் அதே செய்தியை எதிர்த்தரப்பு வக்கீல் வேறு விதமாகக் காட்டுவார்: இந்த வழியாகக் குழந்தை வரும் என்பது இவர்களுக்கு இன்ன தேதியிலிருந்து தெரியும், தெரிந்தும் சும்மா இருந்தார்கள் என்று. கவனக்குறைவு வழக்குகளில் பாதிச் சண்டை ‘இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்திருக்க முடியுமா’ என்பதைச் சுற்றியே நடக்கும். உங்கள் விஷயத்தில் அந்தப் பாதி இப்போதே முடிந்துவிட்டது. வேலி சாய்ந்திருப்பதும் தெரியும், குழந்தை நுழைந்ததும் தெரியும்.

அத்துமீறல் என்ற வாதத்துக்கு வருகிறேன். என்னிடம் வரும் தோட்டக்காரர்கள் எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் அது நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தாங்காது. ஒருவர் தன் கழிப்பறைக்கு வெளியாள் வருவதைத் தடுக்க மின்கம்பியைக் கட்டி வைத்தார்; அதைத் தொட்ட பெண் இறந்துபோனார். செருபின் கிரிகோரி வழக்கு என்று பெயர். அத்துமீறி வந்தவர் என்பதற்காக அவர் உயிருக்கு மதிப்பில்லை என்றாகிவிடாது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 1963-இல் தண்டனையை உறுதி செய்தது. அது வேண்டுமென்றே வைத்த பொறி, உங்களுடையது குளம் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அப்படியானால் 1972-இல், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்ன ஹெரிங்டன் தீர்ப்பைப் பாருங்கள். ரயில்வேயின் வேலி ஓரிடத்தில் மிதிபட்டுச் சாய்ந்து கிடந்தது. அந்த வழியாகப் போன ஆறு வயதுச் சிறுவன் மின்சாரத் தண்டவாளத்தில் அடிபட்டான். குழந்தைகள் அந்த வழியாக வருவது தெரிந்தும் வேலியைச் சரிசெய்யாததால் ரயில்வேதான் பொறுப்பு என்று தீர்ப்பானது. இடத்தை வைத்திருப்பவரின் பொறுப்பு பற்றி நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. இங்கிலாந்துத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. சாய்ந்த வேலி, தெரிந்த வழி, சின்னக் குழந்தை. உங்கள் கதையிலும் மூன்றும் இருக்கின்றன.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காட்டுப்பன்றிக்கு என்று அந்தப் பக்கத்தில் சிலர் வேலியில் கரண்ட் விடுகிறார்கள். குழந்தைகள் வராமல் இருக்க அது போதும் என்று யாராவது உங்களுக்கு யோசனை சொன்னால், மேலே சொன்ன முதல் வழக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

தோப்பைப் பார்த்துக்கொள்பவரின் குழந்தைகள் கதை இன்னும் நேரானது. அவர்கள் உங்கள் சம்மதத்தோடு அங்கே குடியிருக்கிறார்கள். அத்துமீறல் என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் கடிதம் பக்கத்து வீட்டுப் பேத்தியைப் பற்றித்தான் கவலைப்படுகிறது. எனக்கோ இந்த இரண்டு குழந்தைகளைப் பற்றித்தான் அதிகக் கவலை. குளத்துக்கு இருபதடி தூரத்தில் தினமும் விளையாடுகிறவர்கள் அவர்கள்தான்.

ஏதாவது நடந்துவிட்டால் என்ன ஆகும்? போலீஸ் முதலில் சந்தேக மரணம் என்று விசாரிப்பார்கள். கவனக்குறைவுதான் காரணம் என்று தெரிந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு வரும். ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. ஜாமீன் கிடைக்கும் குற்றம்தான். எல்லாக் கவனக்குறைவும் குற்றமாகிவிடாது, அலட்சியம் கடுமையாக இருக்க வேண்டும் என்று நாங்கள் வாதாடுவோம். ஆனால் எச்சரிக்கை வந்த பிறகும் வேலி அப்படியே கிடந்தது என்றால் அந்த வாதத்துக்கு வலு குறைந்துவிடும். உரிமையியல் பக்கம், 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி பெற்றோர் இழப்பீடு கேட்கலாம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம். தொகை எவ்வளவு வரும் என்று கேட்பீர்கள். பியாஸ் ஆற்றுக்குப் பள்ளிச் சுற்றுலா போன 14 பிள்ளைகள் மூழ்கிப்போன வழக்கில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் என்ற இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2001-லேயே உறுதி செய்தது. அன்றைய 5 லட்சம் இன்றைக்கு என்ன மதிப்பு என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

போர்டு வைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் வையுங்கள். ஆனால் நான்கு வயதுப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது என்பதை எந்த நீதிபதியும் கவனிக்காமல் விடமாட்டார். வாடகைக்கு வருபவர்களிடம் ‘எது நடந்தாலும் நாங்களே பொறுப்பு’ என்று மகன் கையெழுத்து வாங்குவதாக இருந்தால், அதை நம்பியும் இருக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. அது 1903-லிருந்து மாறாத சட்டம். குழந்தையின் உரிமையை அப்பா ஒரு தாளில் எழுதிக் கொடுத்து விட்டுவிடவும் முடியாது. அந்தத் தாளுக்கு ஒரே ஒரு பயன் உண்டு: விதிகளைப் படித்துக் காட்டினோம் என்பதற்குச் சாட்சி.

எந்த ஊர் என்ற கேள்விக்குப் பதில், இரண்டு ஊரும்தான். குற்ற வழக்கைச் சம்பவம் நடந்த இடத்துப் போலீஸ்தான் விசாரிக்கும். ஆனால் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவார்கள். அங்கே இறந்தால், விளைவு ஏற்பட்ட இடம் என்ற முறையில் கோவை நீதிமன்றத்துக்கும் அதிகாரம் வரலாம். எல்லை எங்கே இருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. இழப்பீட்டு வழக்கைச் சம்பவம் நடந்த இடத்திலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் பொள்ளாச்சியிலும் போடலாம். எது என்பது வழக்குப் போடுபவரின் விருப்பம். வாடகைக்கு வந்தவர் என்றால் இன்னும் வசதி. பணம் கொடுத்துத் தங்கியவர் நுகர்வோர் ஆகிறார். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். திருப்பூர்க்காரர் வந்து தங்கினால் நீங்கள் திருப்பூருக்கு நடக்க வேண்டும்.

பக்கத்துத் தோட்டக்காரருக்கு, அசம்பாவிதம் நடக்கும் வரை காத்திருக்காமலே ஒரு வழி உண்டு. பொதுப் பாதைக்கோ பொது இடத்துக்கோ ஒட்டியுள்ள தொட்டி, கிணறு, பள்ளம் எதுவானாலும் ஆபத்து வராதபடி வேலியடைக்கச் சொல்லி உத்தரவிட, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு வருவாய்க் கோட்டாட்சியருக்கு (ஆர்.டி.ஓ.) அதிகாரம் தருகிறது. அந்த இட்டேரி ஊரார் நடக்கும் பாதையா, குளம் அதற்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அவர் மனு நிற்கும். வீட்டுக் குளத்துக்கு வேலி கட்டியே தீர வேண்டும் என்று நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் நம்மிடம் இல்லை. ஆஸ்திரேலிய மாநிலங்களில் இருக்கிறது. பிரான்சில் வேலியோ, அலாரம் போன்ற வேறு பாதுகாப்போ ஏதாவது ஒன்று கட்டாயம். சட்டம் கட்டாயப்படுத்தாததால்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது இருக்க வேண்டிய சட்டம்.

ஆகவே வேலி கட்டுங்கள். எப்படிக் கட்ட வேண்டும் என்பதை ஆஸ்திரேலிய, அமெரிக்க விதிகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உயரம் குறைந்தது நான்கடி. நேர்க்கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். காலை வைத்து ஏறும்படி குறுக்குக் கம்பி கூடாது. முள்கம்பி வேண்டவே வேண்டாம். கதவு தானாகச் சாத்திக்கொண்டு தானாகத் தாழ் விழ வேண்டும். குளத்தை நோக்கித் திறக்காமல் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் ஐந்தடி உயரத்தில் இருக்கட்டும். ஸ்பிரிங் கீல் கடையில் கிடைக்கும், மாட்டிவிட்டு அதை ஒரு கல்லை வைத்துத் திறந்தே வைக்காமல் இருந்தால் சரி. வேலியிலிருந்து மூன்றடிக்குள் நாற்காலி, மட்டைக் குவியல், மோட்டார் ரூம் திண்ணை எதுவும் இருக்கக் கூடாது. முக்கியமாக நான்கு பக்கமும் வேலி வேண்டும். மூன்று பக்கம் வேலி, நாலாவது பக்கம் வீட்டுச் சுவர் என்று விடுவது வழக்கம். உங்கள் பேரப்பிள்ளைகள் வரப்போவது அந்த நாலாவது பக்கத்தில் இருக்கும் பின்கதவு வழியாகத்தான்.

குளத்தின் மேல் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கலாமே என்று நினைக்காதீர்கள். அதன் மேல் கால் வைக்கும் குழந்தை பாயோடு உள்ளே போய்விடும், மேலிருந்து பார்த்தால் தெரியவும் செய்யாது. அடியில் தண்ணீர் உறிஞ்சும் துளைக்கு உடையாத மூடி இருக்கிறதா என்று பாருங்கள். முடியையும் கையையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அதற்கு வேகம் உண்டு. அமெரிக்காவில் இந்த மூடிக்காகவே 2007-இல் தனிச் சட்டம் வந்தது. விளையாடி முடித்ததும் பந்து, ரப்பர் வாத்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள், அவைதான் குழந்தையை மறுபடி கூப்பிடும். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழை இறங்கும்போது, சும்மா காலியாக விட்ட குளத்தில் இரண்டடிப் பச்சைத் தண்ணீர் நிற்கும். அது நிறைந்த குளத்தை விட மோசம், அடி தெரியாது.

தோப்பில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக் குட்டை இருந்தால் அதற்கும் இதே வேலிதான். அந்த விரிப்பில் வழுக்கி இறங்கினால் பெரியவர்களாலேயே ஏற முடியாது. ஒரு கயிறோ மூங்கில் ஏணியோ எப்போதும் உள்ளே தொங்கட்டும்.

குளத்து மோட்டார், விளக்கு இணைப்பில் மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும். அப்புறம், விவசாய இணைப்பிலிருந்து அந்த மோட்டாரை ஓட்டுவதாக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள்.

வேலி வந்த பிறகும் ஆள் வேண்டும். மூழ்கும் குழந்தை கத்தாது, கையைக் காட்டாது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், கையில் போன் இல்லாமல். காவல்காரர் குடும்பத்துக்கு முதலுதவி சொல்லிக்கொடுங்கள். மூழ்கிய குழந்தைக்கு நெஞ்சை அழுத்துவதோடு வாயோடு வாய் மூச்சும் கொடுக்க வேண்டும். 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு.

இதையெல்லாம் செய்யும்போது போட்டோ எடுத்து, பில்களைப் பத்திரமாக வையுங்கள். பஞ்சாயத்து அனுமதியில் குளம் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் திருத்திய வரைபடத்தோடு மனுக் கொடுங்கள். கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூர் வட்டத்தில் அதைத் தமிழிலேயே எழுதலாம், 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தருகிறது. வீட்டுக் காப்பீட்டில் மூன்றாம் நபர் பொறுப்பும் சேருமா, வாடகைக்கு விட்டாலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரண வீட்டுப் பாலிசி என்று எடுத்துவிட்டு வாடகைக்கு விடுவதைச் சொல்லாமல் மறைத்தால், கிளெய்ம் நாளில் அதையே காரணம் காட்டிக் கைவிரிப்பார்கள்.

பக்கத்துத் தோட்டக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நேரில் போய்ப் பாருங்கள். இட்டேரிப் பக்கத்து வேலியை நாளைக்கே நிமிர்த்திவிடுவதாகவும், குளத்துக்குத் தனி வேலி இன்ன தேதிக்குள் முடியும் என்றும் சொல்லுங்கள். அதையே அவருடைய வாட்ஸ்அப்புக்குப் பதிலாகவும் அனுப்பிவையுங்கள். வேலியும் கதவும் முடியும் வரை மகனை யாருக்கும் வாடகைக்கு விட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.