தடாகத்தில் தண்ணீர் இறங்குகிறதா? ரைல்ஸை உடைக்க முதல் ஒரு வாளி எடுங்கள்

வீட்டு நீச்சல் தடாகத்தில் ஒழுக்கு என்று வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணை, தண்ணீர் நாளுக்கு நாள் இறங்குது. சோளகக் காற்றுக்குக் காயுதா, ஒழுகுதா? (கோண்டாவில்)

சோளகம் வீசும் மாதங்களில் ஒரு நாளில் ஐந்தாறு மில்லிமீற்றர் காய்ந்து போவது வழமை. சந்தேகம் என்றால் ஒரு வாளியில் தடாகத் தண்ணீரையே நிரப்பி, விளிம்பு வெளியே நிற்கும்படி படியில் வையுங்கள். அசையாமல் இருக்க உள்ளே ஒரு கல்லைப் போடுங்கள். வாளியின் உட்பக்கம் அதன் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு, வெளிப்பக்கம் தடாக மட்டத்துக்கு ஒரு கோடு. மழையில்லாத நாளாகப் பார்த்து, ஒருவரும் இறங்காமல் 24 மணித்தியாலம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் காய்ந்ததுதான். தடாகம் கூடுதலாக இறங்கினால் ஒழுக்கு. 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம் என்றால் ஒரு சென்ரிமீற்றர் இறங்குவது 320 லீற்றர். சும்மா விடக்கூடிய கணக்கில்லை.

ஒழுக்குத்தான் தம்பி. ஆனால் மேசன் ரைல்ஸ் முழுக்கக் கழற்ற வேணும் என்கிறார். (நல்லூர்)

பொறுங்கள் அக்கா, இப்போதைக்கு ஒன்றையும் கழற்ற வேண்டாம். முதலில் மோட்டர் அறையில் கழிவுப் பைப்பின் வாயைப் பாருங்கள். பில்டர் (வடிகட்டி) கழுவாத நேரத்திலும் அதில் தண்ணீர் சொட்டினால், வால்வின் உள்ளே வாசர் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றினால் காரியம் முடிந்தது. பலர் இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை.

அங்கே சொட்டாவிட்டால் வாளிச் சோதனையை மோட்டர் ஓட ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை செய்யுங்கள். ஓடும்போது கூடுதலாக இறங்கினால், தண்ணீரைத் திருப்பி அனுப்பும் பைப்பில் கோளாறு. நிறுத்தியபோது கூடுதலாக இறங்கினால் உறிஞ்சும் பைப்பில். அப்படியென்றால் மோட்டர் ஓடும்போது திரும்பி வரும் தண்ணீரில் காற்றுக் குமிழும் தெரியலாம். இரண்டு முறையும் ஒரே அளவென்றால் தடாகத் தொட்டியில்தான் தேட வேண்டும். மோட்டரை நிறுத்திவிட்டு, மட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். ஸ்கிம்மர் (மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும், சுவரில் உள்ள வாய்) அடியில் நின்றால் ஸ்கிம்மர், விளக்கோடு நின்றால் விளக்கு.

எங்களுக்கு விளக்கடியில்தான் நிற்குது. என்ன செய்ய? (சாவகச்சேரி)

மெயின் சுவிச்சை நிறுத்தாமல் தண்ணீருக்குள் கை வைக்காதீர்கள். தண்ணீர் அலையாமல் நிற்கும்போது, ஊசியில்லாத சிரிஞ்சில் கேசரிக் கலரைக் கரைத்து எடுத்து, விளக்கின் ஓரமாக மெதுவாக விடுங்கள். ஒழுக்கு இல்லாத இடத்தில் கலர் அப்படியே மிதக்கும். ஒழுக்கு உள்ள இடத்தில் நூல்போல நீண்டு உள்ளே போகும். பெரும்பாலும் விளக்கின் வயர் போகும் பைப் வாயில்தான் பிழை இருக்கும். தண்ணீருக்குள்ளேயே இறுகும் எபொக்சி பசை இரண்டு பாகமாக வரும். இரண்டும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, வயரைச் சுற்றி அந்த வாயில் இறுக்கி அடையுங்கள்.

சுவரில் வெடிப்பு. இப்ப கார்த்திகை மாசம், தண்ணியை முழுக்க இறைச்சுப் போட்டு ஒட்டலாமா? (சுன்னாகம்)

தயவுசெய்து வேண்டாம் ஐயா. நமது யாழ்ப்பாண மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். மாரியில் நிலத்தடி நீர் மளமளவென்று மேலே வரும். தண்ணீர் நிறைந்த தடாகம் தன் பாரத்தால் அதை அமத்தி வைத்திருக்கிறது. வெறுமையாக்கினால் கீழிருந்து வரும் அழுத்தம் அடித்தளத்தை வெடிக்க வைக்கும், தொட்டியையே மேலே தூக்கவும் கூடும். உங்கள் வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டு, நிலமட்டத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். தடாகத்தின் அடியை விட அது மேலே நின்றால் இறைக்கவே கூடாது. இப்போதைக்கு எபொக்சி பசையால் அடைத்துவிட்டு ஆடி, ஆவணி வரை பொறுங்கள். அப்போதும் கிணற்றை அளந்துவிட்டே இறையுங்கள். வெடிப்பின் மேல் சீமெந்தைப் பூசி மறைத்தால் திரும்ப வெடிக்கும். வெடிப்பு வழியே வெட்டி அகலமாக்கி, தூசு போகக் கழுவி, கெதியில் இறுகும் நீர்த்தடுப்புச் சீமெந்தை உள்ளே அடைக்க வேண்டும்.

ஒழுகின தண்ணி கிணத்துக்குப் போகுமா அண்ணா? (மானிப்பாய்)

போகும் தங்கச்சி. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் வேகமாகவே போகும். உப்பு மெஷின் (தண்ணீரில் போட்ட உப்பிலிருந்து குளோரின் எடுப்பது) பூட்டிய தடாகம் என்றால் கிணறு உவராகவும் மாறலாம். ஒழுக்கை அடைக்கும்வரை அந்தக் கிணற்றில் குடிக்க அள்ளாதீர்கள். தடாகத்தை இறைக்கும் நாள் வந்தால், சில நாள் முன்பே குளோரின் போடுவதை நிறுத்தி, தண்ணீரைக் கிணற்றுக்குத் தூரமாக விடுங்கள்.